தேநீர்ச் சோற்றால் ஓடிப்போன மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய சாவாகோ அக்கா அவர்களுக்கு,

ஒசாகாவிலிருந்து தங்கை நோரியே பணிவுடன் எழுதுவது. மழை மாதம் பிறந்து, எங்கள் கடைத்தெரு முனைக் கோயில் வாசலில் நீலப் பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும் இந்நாளில், கியோட்டோவில் தாங்களும் அத்தான் அவர்களும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் அனுப்பிவைத்த கத்தரிக்காய் ஊறுகாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஊறுகாயின் நிறம், அதைச் சுற்றியிருந்த காகிதம், அந்தக் காகிதத்தைக் கட்டியிருந்த நூல், அந்த நூலில் போட்டிருந்த முடிச்சு எல்லாமே கியோட்டோவின் பெருமையை எடுத்துரைத்தன. இங்கு நாங்களும் தங்கள் ஆசியால் நலம்.

மரியாதை முடிந்தது. அக்கா, நீ உட்கார்ந்துகொள். இதை நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய். நம் சிஹோவின் கல்யாணப் பேச்சு போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முறிந்துபோய், முறிந்த வேகத்திலேயே ஒட்டியும்கொண்டது. இத்தனைக்கும் யார் காரணம் தெரியுமா? நீதான். சரி, கோபித்துக்கொள்ளாதே, நீ இல்லை. உன் ஊர்.

முதலிலிருந்து சொல்கிறேன். சிஹோ போன் பண்ணினாள். "அம்மா, ஞாயித்துக்கிழமை வைரவன் வீட்டுக்கு வர்றார். உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரு விஷயம் கேக்கணுமாம்" என்றாள். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாதா? நான் போனைப் பிடித்துக்கொண்டே சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடிவிட்டேன். "ஆடாதீங்கம்மா, சத்தம் கேக்குது. முக்கியமா ஒண்ணு, எந்த நாடகமும் வேண்டாம். போன தடவை அந்த நகோயாப் பையன் வந்தப்போ அப்பா துடைப்பத்தை வெச்சு வாள் வீசிக் காட்டினாரே, அந்த மாதிரி ஏதாவது நடந்துச்சு, நாங்க நேரா வார்டு ஆபீஸுக்குப் போயி கல்யாணப் பதிவுல கையெழுத்துப் போட்டுட்டு உங்களுக்கு ஒரு போஸ்ட்கார்டு அனுப்பிடுவோம்" என்றாள். ஒற்றைப் பெண். சொன்னால் செய்துவிடுவாள், உனக்கே தெரியும், அவள் பிடிவாதம் நம் அப்பாவின் பிடிவாதம். கல்யாணக் கோலத்தில் மகளைப் போஸ்ட்கார்டிலா பார்ப்பது?

வைரவன் இந்தியாவிலிருந்து வந்தவர். தெற்கே காரைக்குடி என்று ஓர் ஊராம். நாலு வருஷமாக உன் கியோட்டோவில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். எதை? பாசியை! கல்லிலும் சுவரிலும் படருமே, அதை. நான் கடைக்குப் பின்னால் குந்திக்கொண்டு தேய்ப்பானை வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஒழிக்கப் பார்க்கிறேனே, அதே பாசியைப் படிப்பதற்காக ஒருவர் கடல் தாண்டி வந்திருக்கிறார்!

சிஹோ நாடகம் வேண்டாம் என்று சொன்னதை என் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். தகேஹிகோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "நாடகம் இல்லைடி, ஆனா அவரு நிஜமான ஜப்பானைப் பாக்கணும்னு ஆசையா வருவாருல்ல? நம்ம வீட்டுல ஜப்பான் எங்க இருக்கு?" என்றார். சுற்றிப் பார்த்தேன். சோஃபா, ரொட்டி சுடும் மெஷின், முதுகு பிடித்துவிடும் பெரிய நாற்காலி. நம் அப்பா காலத்திலிருந்து தரையில் விரிக்கும் மெத்தை விற்கிற குடும்பம், ஆனால் நாங்கள் படுப்பது கட்டிலில். எனக்கே வெட்கமாகிவிட்டது. அவ்வளவுதான், நாங்கள் இரண்டு பேரும் சோஃபாவைக் கடைக்கு இறக்கினோம். முதுகு பிடிக்கும் நாற்காலி படிக்கட்டில் சிக்கிக்கொண்டது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறது, அதன் மேல் ஏறித்தான் மாடிக்குப் போகிறோம். இவர் வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றிலிருந்து நினைவாக வாங்கிவந்த பருத்தி அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். முன்பக்கம் பார்த்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. பின்னால் முதுகில் விடுதியின் பெயரும் போன் நம்பரும் போட்டிருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

நான் என் பங்குக்கு இந்தியாவைக் கவனித்தேன். இந்தியர்கள் மூன்று வேளையும் மசாலாக் குழம்புதான் சாப்பிடுவார்கள், பால்குடி மறப்பதற்குள் பெரிய பெரிய பெருக்கல் வாய்ப்பாடெல்லாம் மனப்பாடம், விடிந்ததும் தலைகீழாக நிற்பார்கள் என்பதெல்லாம் எனக்கு டி.வி. பார்த்தே தெரியும். அதனால் மூன்று வகைக் குழம்பு வைத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் தலைகீழாக நிற்கத் தோன்றினால் சௌகரியமாக இருக்கட்டும் என்று மூலையில் ஒரு சின்ன மெத்தையும் போட்டுவைத்தேன். சிரிக்காதே. நீயாக இருந்தாலும் போட்டிருப்பாய்.

சிஹோ வேலை முடிந்து நேராக வந்து அவரோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. ஆனால் யாருடைய குடையோ ரயில் கதவில் மாட்டிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. "நம்ம ரயில் நொடி தவறாதுன்னு உலகமே பேசிக்கிட்டு இருக்கு, எனக்குன்னு வரும்போது மட்டும் இப்படி! அம்மா, நான் வர்ற வரைக்கும் அப்பாவைப் பேச விடாதீங்க" என்று கத்தினாள். அவள் போனை வைப்பதற்குள் வைரவன் தெருவுக்குள் வந்துவிட்டார். எதிர்க்கடை குமேயை உனக்கு ஞாபகம் இருக்கிறதா, குழிச்சட்டியில் ஆக்டோபஸ் துண்டு போட்டுத் தகோயாகி உருண்டை சுடுகிற குமே? அவர் மாப்பிள்ளையை மறித்து நிறுத்தி, "தம்பி, இந்தியாவா? பதினேழு பதினெட்டு எவ்வளவு? டக்குனு சொல்லு பாப்போம்!" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை குனிந்து வணங்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கணக்குப் போட்டு, "முந்நூத்தி ஆறுங்க" என்றாராம். குமேவுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவு பூட்டியிருந்ததால் குமே அவரைப் பின்சந்து வழியாகக் கூட்டிவந்தார். நான் கதவைத் திறந்து பார்த்தால் மாப்பிள்ளை எங்கள் சாக்கடை ஓரம் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து, அழகாக வணங்கி, "உங்க வீட்டுப் பாசி ரொம்ப அருமையா வளர்ந்திருக்குங்க. இப்படி வளரவிடறதுக்கு எவ்வளவு பொறுமை வேணும்!" என்றார்.

எனக்குப் பகீரென்றது. அக்கா, நான் என்ன முட்டாளா? கியோட்டோவில் நாலு வருஷம் இருந்த மனுஷன். "உங்க பொண்ணு பியானோ நல்லா முன்னேறிட்டா" என்றால் "சத்தம் தாங்கலை, மூடித் தொலை" என்று அர்த்தமாகும் ஊர் உன் ஊர். அப்படியானால் இதற்கு என்ன அர்த்தம்? கொல்லைப்புறத்தைக் கழுவி எத்தனை வருஷமாச்சு என்றுதானே? இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் புதிதா என்ன! நீ கடைசியாக இங்கே வந்தபோது என் ஆரஞ்சுத் திரைச்சீலையைப் பார்த்து, "அறையே வெளிச்சமாயிடுச்சேடி" என்று சொன்னாயே, அதன் பொருள் எனக்குப் புரியாமலா போயிற்று? நீ ரயில் ஏறிய அன்றே அதைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். அப்புறம் நீயும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. போகட்டும், அந்தப் பேச்சு இப்போது எதற்கு.

உள்ளே வந்தார். கால் மடித்து, முதுகு நிமிர்த்தி, அவ்வளவு லட்சணமாகத் தரையில் உட்கார்ந்தார். இவரும் வீம்புக்கு அதே மாதிரி உட்கார்ந்து, கால் மரத்துப்போய், தேநீரை நீட்டுகிற சமயத்தில் மரம் சாய்வது போல அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். சாய்ந்தபோது முதுகு தெரிந்ததா, வைரவன் அந்த போன் நம்பரை உன்னிப்பாகப் படித்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் பதற்றத்தில் மூன்று குழம்பையும் ஒரேயடியாகக் கொண்டுவந்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டு, "ரொம்ப விசேஷமான ருசிங்க" என்றார். கேட்டாயா? விசேஷமாம்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு நான் இங்க வந்ததுக்கு ஒரு காரணம் இருக்குங்க..." என்று ஆரம்பித்தார். ஆனால் என் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே. நிலைமை கொஞ்சம் கனமானால் மனுஷனால் தாங்க முடியாது, எங்கள் கல்யாணத்தன்றே பூசாரியிடம் ஜோக் சொன்னவர். "ஆகா தம்பி! உங்க கடிகாரம் ரொம்ப நல்லாருக்கே! பேரம் பேசித்தானே வாங்கினீங்க? எவ்வளவு குறைச்சீங்க?" என்று பாய்ந்துவிட்டார். ஒசாகாவில் இதைவிடப் பாசமான வார்த்தை உண்டா? ஆனால் உன் ஊரில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது "கடிகாரம் நல்லாருக்கே" என்றால் என்ன பொருள் என்று நீதானே எனக்குச் சொல்லியிருக்கிறாய்? பேச்சு போதும், மணியைப் பார் என்று! வைரவன் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அப்படியே பேச்சை நிறுத்திவிட்டார்.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. எப்படியாவது சமாளிக்க வேண்டும், பிள்ளை சரியாகச் சாப்பிடவும் இல்லை, வயிற்றுக்கு இதமாக ஏதாவது கொடுப்போம் என்று, மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல், ஒரு கிண்ணம் சோற்றில் சூடான தேநீரை ஊற்றி, மேலே ஓர் உப்புப் பிளம் வைத்து, "தேநீர்ச் சோறு சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன் அக்கா! வார்த்தை வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. கியோட்டோவில் விருந்தாளியிடம் தேநீர்ச் சோறு வேண்டுமா என்று கேட்பதும், கழுத்தைப் பிடித்து வாசலில் தள்ளுவதும் ஒன்றல்லவா!

அவர் சட்டென்று எழுந்தார். குனிந்து வணங்கினார். "போயிட்டு வரேங்க" என்றார். நானும் வாய்ப்பழக்கத்தில் "போயிட்டு வாங்க" என்றேன், என் நாக்கை அறுக்க! பையை எடுக்கவில்லை, குடையை எடுக்கவில்லை. எவ்வளவு மனம் நொந்திருந்தால் ஒரு மனுஷன் குடையைக்கூட மறந்துவிட்டு மழையில் இறங்குவான்? சின்ன மெத்தை மூலையில் அப்படியே கிடந்தது.

"போச்சு!" என்றேன். "போஸ்ட்கார்டுதான்!" என்றார் இவர். அடுத்த நிமிஷம் நான் தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன், ஏப்ரனோடு, கையில் அந்தத் தேநீர்ச் சோற்றுக் கிண்ணத்தோடு. பின்னால் இவர் மரத்த காலை இழுத்துக்கொண்டு, விடுதி அங்கி பறக்க ஓடிவந்தார். "என்ன தகேஹிகோ, ஹோட்டல் வேலைக்குச் சேர்ந்துட்டியா? ரூம் காலியா இருக்கா?" என்று மீன்கடைக்காரி கத்தினாள். பதில் சொல்ல நேரமில்லை.

அதிக தூரம் ஓடவும் வேண்டியிருக்கவில்லை. சந்து திரும்பினால் குமே கடை முன்னால் நிற்கிறார் மாப்பிள்ளை. எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. நான் "வைரவன்!" என்று கத்தினேன். திரும்பினார். அக்கா, கண்ணில் தண்ணீர்! கன்னத்தில் வழிகிறது! வாயைத் திறக்கிறார், பேச்சு வரவில்லை, "ஹா, ஹா" என்று மூச்சு மட்டும் வருகிறது. அந்த இடத்திலேயே இடுப்பை மடித்துக் குனிந்தேன்.

"மன்னிச்சிடுங்க! அது வெறும் தேநீர்ச் சோறு! பாருங்க, சோறு, தேநீர், ஒரு பிளம். உள்ள வேற ஒண்ணும் இல்லை! கடிகாரம்னா கடிகாரம்தான்! நாங்க ஒசாகாக்காரங்க, எங்களுக்கு மறைச்சுப் பேசத் தெரியாது!"

அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல வந்தார். "வேண்டாம்! பேச வேண்டாம்! உங்க மனசு எனக்குப் புரியுது!" என்றேன்.

"நோரியே, அந்தப் பையனுக்குத் தண்ணி குடும்மா" என்றார் குமே.

"நீங்க சும்மா இருங்க, இது குடும்ப விஷயம்!" என்றேன். பிறகு எனக்கே எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "ஒரே வார்த்தையில சொல்லுங்க. எங்க சிஹோவைக் கட்டிக்கிறீங்களா, இல்லையா?"

கேட்டுவிட்டேன், அக்கா. பெண்ணைப் பெற்றவள் நடுத்தெருவில் நின்று, சோற்றுக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். தெருவே கூடிவிட்டது. வைரவன் தலையாட்டினார். எப்படி ஆட்டினார் தெரியுமா? கழுத்து கழன்றுவிடும் போல ஆட்டினார்! இவர் "தம்பீ!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். மீன்கடைக்காரி கைதட்டினாள், எல்லாரும் தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து சிஹோ வந்து சேர்ந்தாள். ஹோட்டல் அங்கியில் அழுகிற அப்பாவைப் பார்த்தாள், கிண்ணத்தோடு நிற்கிற என்னைப் பார்த்தாள், கண்ணீர் வழிய நிற்கிற அவரைப் பார்த்தாள். "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். "உனக்குக் கல்யாணம் பண்ணியிருக்கோம்டி!" என்றேன். அவளும் அழுதாள். திட்டிக்கொண்டே அழுதாள், அதனால் பயமில்லை.

அக்கா, அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் யோசித்தேன். ஜப்பானியர் என்றால் வாய் திறக்கமாட்டார்கள், உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்திருப்பார்கள், எப்போதும் தேநீர் ஆற்றிக்கொண்டிருப்பார்கள் என்று வெளிநாட்டில் சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறதே, அதே நாம் வீட்டுக்கு வந்தவருக்காக சோஃபாவை ஒளித்துவைத்தோமே! அந்த நல்ல பிள்ளையை உன் ஊர் இப்படிக் கெடுத்துவைத்திருக்கிறது. நாலு வருஷத்தில் ஒருவரை நேரான பேச்சு புரியாதவராக ஆக்கிவிட்டீர்கள். நீயும் இதே கடை மாடியில் பிறந்தவள்தானே, எப்படித்தான் அந்த ஊரில் குப்பை கொட்டுகிறாயோ!

நீண்ட கடிதத்தால் தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்கியதற்குப் பொறுத்தருள வேண்டும். அத்தான் அவர்களுக்கு எங்கள் வணக்கம். மழையில் முழங்கால் வலி வராமல் பார்த்துக்கொள்ளவும். கல்யாணம் இலையுதிர் காலத்தில். தங்கள் வருகையும் ஆசியும் மணமக்களுக்கு வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் தங்கை
நோரியே

பி.கு.: அக்கா, உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வைரவன் தன் பையையும் குடையையும் எடுத்துப் போக வந்தார். சிஹோ இந்தக் கடிதத்தைப் பிடுங்கி அவருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டாள். அவர் திருதிருவென்று விழிக்கிறார். தேநீர்ச் சோறு என்றால் கிளம்பு என்று அர்த்தமா, கியோட்டோவில் யாருமே என்னிடம் அப்படிச் சொன்னதில்லையே என்கிறார். நாலு வருஷமாக அங்கே ஒவ்வொரு வீட்டிலும் தேநீர்ச் சோறு கொடுத்தபோதெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாராம். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாராம். அவர்களும் போட்டிருக்கிறார்கள்!

அன்றைக்கு ஏன் எழுந்து போனார் என்று கேட்டேன். குமேயின் குழிச்சட்டியைப் பார்த்ததும் அவருக்கு மனசு பறந்துவிட்டதாம். காரைக்குடியிலும் அதே மாதிரி குழி குழியான சட்டி உண்டாம், அதில் அவர் அம்மா மாவு ஊற்றிப் பணியாரம் சுடுவாராம். ஒரு பொட்டலம் வாங்கி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, அதைச் சொல்லித்தான் பெண் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாராம். இவர் கடிகாரத்தைச் சொன்னதும்தான் மணியைப் பார்த்தாராம், குமே கடை மூடுகிற நேரம். வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குத்தான் "போயிட்டு வரேன்" என்று சொன்னாராம். அதனால்தான் பையும் குடையும் இங்கே! விருந்தாளி கிளம்பினால் "தொந்தரவு கொடுத்துட்டேன்" என்றல்லவா சொல்வார்? "போயிட்டு வரேன்" என்பது வீட்டு ஆள் சொல்வது. நானும் வீட்டு ஆளுக்குச் சொல்கிற பதிலைத்தான் யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன் பார்.

கண்ணீரா? உருண்டையை முழுசாக வாயில் போட்டுவிட்டாராம். பாதி சூடு, பாதி அம்மா நினைப்பு என்கிறார். பாசியை நிஜமாகவே பாராட்டினாராம். அந்த வகை கிடைப்பதே அரிதாம், என்னைத் தேய்க்கக் கூடாது என்று கெஞ்சுகிறார். என் மூன்று குழம்பு மட்டும் நான் நினைத்த அர்த்தம்தானாம்.

ஆகையால் மேலே உன் ஊரைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும், கேட்கத் தயக்கமாகவும் இருக்கிறது. அந்த ஆரஞ்சுத் திரையைப் பார்த்து அறையே வெளிச்சமாயிடுச்சு என்று சொன்னாயே, அது அறை வெளிச்சமாகிவிட்டது என்பதற்காகச் சொன்னதுதானா? காலையில் அதை எடுத்து மறுபடி மாட்டியிருக்கிறேன். வா அக்கா. கல்யாணம் வரைக்கும் காத்திருக்காதே, இந்த வாரமே வா. படிக்கட்டில் அந்த நாற்காலி மேல் ஏறித்தான் வரவேண்டும், பார்த்து ஏறு. ஒரு கிண்ணம் தேநீர்ச் சோறு போடுகிறேன். சாப்பிட்டதும் எழுந்து போய்விடாதே.